இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பைல் நாட்டு பாஸ்கெட்பால் டீம், டோர்னமென்டின் முதல் மேட்சிலேயே தோற்று வெளியே வந்தது. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. தோற்ற விதம் இருக்கிறதே... அதற்காக ஒருவரை நாலு வார்த்தை திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஒருவர் டீமின் செயலாளர் தங்கராசு. மிளகு வியாபாரி. இரண்டு வருடமாக செல்போனில் அமெரிக்க பாஸ்கெட்பால் செய்திகளே கதி என்று கிடக்கிறார். எந்த டீம் யாரைக் கொடுத்து யாரை வாங்கியது, சம்பளச் செலவை எப்படிக் குறைத்தது – எல்லாம் அவருக்கு விரல்நுனியில். தெரிந்துகொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மொத்தமே எட்டு பனியன் வைத்திருக்கிற டீமில் அதைச் செய்து பார்க்கலாமா?

பார்த்தார்.

எங்கள் டீமில் பெரியசாமி என்று ஒரு விவசாயி. முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடமாக டிஃபென்ஸ் ஆடுகிறார். அவர் கூடையில் பந்து போடுவது அபூர்வம். எதிராளியைப் போட விடுவது அதைவிட அபூர்வம். மேட்சுக்கு எண்ணூறு ரூபாய். அந்தக் காசைவிட ஏழாம் நம்பர் பனியன்தான் அவருக்குப் பெரிது என்பது ஊருக்கே தெரியும்.

தங்கராசு அவரை அரியூர் நாட்டு டீமுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவர்களிடமிருந்து கோகுலை வாங்கினார். கோகுல் நாமக்கல்லில் ஜிம் டிரெய்னர். ஆறடி நாலு அங்குலம். மேட்சுக்கு அறுநூறு.

"உயரம் ஏறுது, சம்பளம் எறங்குது. எப்புடிங்க நம்ம டிரேடு?" என்று என்னிடம் வந்து பீற்றிக்கொண்டார்.

மிச்சம் இருநூறு ரூபாய்! இதற்குப் பெயர் நிர்வாகமாம்.

சரி, பெரியசாமியிடம் நேரில் சொன்னாரா? அதெல்லாம் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார், அவ்வளவுதான். ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்த மனிதர், செல்போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை ஊட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று என்னிடம் கேட்டார். பன்னிரண்டு வருடம் ஆடியவர்!

மேட்ச் அன்று எங்களுக்கு எதிராக வந்து நின்றது யார்? அரியூரேதான். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார் கோகுல். இறங்கினார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தவரை, இரண்டு பேர் தாங்கித்தான் இறக்கினார்கள். நேராக கிரவுண்டு ஓரத்துப் பலா மரத்தடியில் படுத்தவர்தான். ஆறடி நாலு அங்குலமும் தரையில்.

அரியூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரை எப்போதும் முதல் நாளே வரவழைத்து, தங்க வைத்துத்தான் ஆட விடுவார்களாம். அந்தத் தங்கும் செலவு கட்டுப்படியாகாமல்தான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். தங்கராசுவோ ரூம் வாடகையும் மிச்சம் என்று காலை பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்த வளைவுகளில் குறட்டை விட்டுக்கொண்டே போய்வருகிற மலைக்காரர் அவர். கீழேயிருந்து வருகிறவருக்குத் தலை சுற்றுமே என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டத்தைச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் போனாலும் பெரியசாமி குறுக்கே நின்றார். பன்னிரண்டு வருடம் கூடவே ஆடியவருக்கு யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாதா? இருபது பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஜெயித்த பிறகு பெரியசாமி குதிக்கவில்லை, கத்தவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தோடு பலா மரத்தடிக்குப் போனார்.

"இத மோந்துக்கிட்டே போ சாமி. பஸ்ல முன் சீட்டு புடிச்சுக்க" என்று கோகுலிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

பின்னாலேயே வந்தார் தங்கராசு. "கண்ணு, அடுத்த வருசம் நம்ம டீமுக்கே வந்துரு. அந்த எண்ணூறு அப்படியே தாரேன்."

"பாக்கலாமுங்கண்ணா" என்றார் பெரியசாமி.

சாயங்காலமே செயலாளர் அவரை மறுபடி குரூப்பில் சேர்த்தார். கை கூப்பும் படம் வேறு போட்டார். அடுத்த நிமிடம் குரூப்பில் ஒரு வரி வந்தது: பெரியசாமி வெளியேறினார்.

வாழ்த்துகள் தங்கராசு... இப்போது எண்ணூறு ரூபாய் முழுசாக மிச்சம்!