அக்கரைக்குப் போன நாற்காலி

ஸ்ரீவராகத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவர் நாகேஸ்வரன்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பென்ஷனுக்காகச் சொல்லிக்கொள்வது. அவருடைய உண்மையான உத்தியோகம் "வாங்கோ, வாங்கோ" என்பது. சாம்பாரில் உப்புக் குறைந்தால் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள், வாசலில் ஒரு "வாங்கோ" குறைந்தால் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்பது அவர் கட்சி. வருகிறவர் கோபத்தில் இருக்கிறாரா, பசியில் இருக்கிறாரா என்று பன்னீர் தெளிக்கிற நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். பசி என்றால் நேரே டிபன் பக்கம் திருப்பிவிடுவார். பாதிக் கோபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பெண்ணாகப் பிறந்த விஷ்ணுப்ரியா, கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய், யார் யாரோ கல்யாண வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்குத் தீவுலதான் கல்யாணம்" என்றாள். பூவாறில் காயலுக்கு நடுவே ஒரு ரிசார்ட். படகில்தான் போக வேண்டும். மாப்பிள்ளை கைலாஷ் ஏற்கெனவே தலையாட்டியாகிவிட்டது.

நாகேஸ்வரனின் தூக்கத்தைக் கெடுத்தது செலவல்ல, ஒரு கேள்வி. தீவுக்கு வாசல் எது? அக்கரையில் நின்றால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை யார் கூப்பிடுவது? இக்கரையில் நின்றால் படகை விட்டு இறங்குகிறவர்களை யார் கூப்பிடுவது? கடைசியில் மனைவி வாலாம்பாள் அக்கரை, தான் இக்கரை என்று பாகப்பிரிவினை ஆயிற்று. முந்தின நாள் சாயந்தரம் நல்ல நேரம் பார்த்து அவளையும் கல்யாணப் பெண்ணையும் சமையல்காரர்களையும் படகேற்றிவிட்டார். கூடவே மாப்பிள்ளையின் பெரியப்பா கொடுத்தனுப்பியிருந்த மடக்கு நாற்காலியையும் ஏற்றினார். பெரியப்பாவுக்கு முதுகுவலி, தரையில் உட்கார முடியாது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு மேல் ஒன்பதரைக்குள் முகூர்த்தம். காயலைச் சுற்றிக்கொண்டு படகு போய்ச்சேர அரைமணி ஆகும். பிள்ளைவீட்டு பஸ் விடிந்த கையோடு வந்திருக்க வேண்டும். வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு மாப்பிள்ளை ஒரே ஒரு தேங்காய் உடைப்பதாகத்தான் ஏற்பாடு. மாப்பிள்ளை உடைத்ததைப் பார்த்து அத்திம்பேருக்கு ஆசை வந்தது. அத்திம்பேர் உடைத்தால் சித்தப்பா சும்மா இருப்பாரா? பஸ் மொத்தமும் இறங்கி ஆளுக்கொன்று உடைத்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தபோது ஏழரை தாண்டி ராகுகாலம் தொடங்கியிருந்தது.

"வாங்கோ, வாங்கோ! போட் ரெடி" என்று நாகேஸ்வரன் பன்னீர் தெளித்தார்.

முதலில் இறங்கிய பெரியப்பா அனந்தராமன் கடிகாரத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "ராகுகாலத்துல நான் கால் வைக்கமாட்டேன், கேட்டேளா?"

"அண்ணா, நீங்க ராகுகாலத்துக்கு முன்னாடியே பொறப்பட்டாச்சே. அந்த யாத்திரைதானே இது?"

"பஸ் யாத்திரை பஸ்ஸோட தீர்ந்தது. இது ஜலயாத்திரை. வேறயாக்கும்."

"ஒம்பது மணி வரைக்கும் இங்கேயே நின்னா முகூர்த்தம் போயிடுமே!"

"அடுத்த முகூர்த்தம் இருக்கோன்னோ?"

பெரியவர் நிற்க நாம் ஏறினால் மரியாதையா என்று கூட்டம் முழுவதும் நின்றது. படகில் ஒரு கால் வைத்திருந்த கைலாஷ், பெரியப்பா முறைத்ததும் அதை எடுத்துக்கொண்டான். ஊரார் வீட்டு விருந்தாளியைக்கூட முகம் கோணவிடாத நாகேஸ்வரன், சொந்தப் பெண் கல்யாணத்தில் சம்பந்திகளை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறார். மண்டபமானால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடலாம். நடுவில் தண்ணீரல்லவா கிடக்கிறது!

அப்போதுதான் நாற்காலி நினைவுக்கு வந்தது.

"அண்ணா, பரஸ்தானம்னு ஒண்ணு உண்டோ இல்லையோ?"

கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் தன் சாமான் ஒன்றை வெளியே அனுப்பிவிடுவது வழக்கம். சாமான் போனால் ஆசாமியே போன மாதிரி.

"உண்டு. அதுக்கென்ன?"

"உங்க நாற்காலி நேத்தே நல்ல நேரத்துல அக்கரைக்குப் போயாச்சு. அப்போ நீங்களும் நேத்தே போயாச்சு!"

அனந்தராமன் தாடையைச் சொறிந்தார். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. "அது சரியாக்கும்" என்றார். "குடும்பத்துக்கு மூத்தவன் நான் போயாச்சுன்னா எல்லாரும் போயாச்சு. என்ன பார்த்துண்டு நிக்கறேள்? ஏறுங்கோ!" தாமதத்துக்கு மற்றவர்கள்தான் காரணம் என்பதுபோல் அதட்டிக்கொண்டே அவர் ஏற, துறையில் நின்ற இரண்டு பெரிய படகுகளும் நிறைந்து நகர்ந்தன.

மிச்சம் ஒரு சின்னப் படகு. "சாரே, கேறுன்னில்லே?" என்று அதன் படகோட்டி வினீத் ஏறச்சொல்லிக் கூப்பிட்டான்.

நாகேஸ்வரன் காலைத் தூக்கினார், வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பரஸ்தானம் சொன்னவருக்குச் சொந்தப் பரஸ்தானம் எங்கே? மாற்று வேஷ்டி, மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை எல்லாம் கையோடு இருந்தன. ஒரு கைக்குட்டைகூட அக்கரை போகவில்லை. கன்யாதானம் செய்யப் போகிறவன் ராகுகாலத்தில் கிளம்பி, நாளைக்குப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால்கூடத் தன்னால்தான் என்று தோன்றும். கிளம்பாமலும் முடியாது. அப்பா மடியில் உட்கார்ந்துதான் பெண் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். மடி இக்கரையில் இருந்தது.

அரைமணி கழிந்து போன் அடித்தது. "எல்லாரும் வந்தாச்சு. நீங்க எங்கே?" என்றாள் வாலாம்பாள். தனக்குப் பரஸ்தானம் இல்லாததை இழுத்து இழுத்துச் சொன்னார். "நன்னாயிருக்கு போங்கோ!" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் போன் கைமாறியது.

"அப்பா, பெரியப்பா நாற்காலியில உக்காந்துண்டு எல்லார்கிட்டயும் உங்க பரஸ்தானத்தைத்தான் சொல்லிண்டிருக்கார். நேத்து நல்ல நேரம் பார்த்து என்னை அனுப்பினேளே, நான் உங்க சாமான் இல்லையா?"

நாகேஸ்வரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படகைப் பார்த்தார்.

"வேகம் வாங்கோ. தாரை வார்த்துக் குடுத்துட்டேள்னா அப்புறம் இந்தப் பரஸ்தானம் செல்லாது, கேட்டேளா" என்று சிரித்தாள் விஷ்ணுப்ரியா.

பன்னீர்ச் செம்பைத் துறைப் படியிலேயே போட்டுவிட்டுப் படகில் ஏறினார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வினீத்துக்கும் தெரியும். இன்ஜினை முழு வேகத்தில் விட்டான். பாதிக் காயல் தாண்டி, எதிரே பந்தலும் வாழைமரமும் தெரிய ஆரம்பித்தன.

"வினீதே, கொஞ்சம் மெள்ளப் போ" என்றார் நாகேஸ்வரன்.