பேர் வெட்டப் போன என்னைக் கர்த்தர் நிறுத்திய விதம்

கர்த்தரை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, என் குடும்பத்துக்கு அவர் செய்த நன்மையை மறைத்து வைப்பது தகாது என்று கருதி இதை எழுதுகிறேன்.

நான் கண்டிக்கு அருகே பன்விலையில் தேயிலைத் தொழிற்சாலையில் நாட்கூலிக்கு வேலை பார்த்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் எழுத்தறிவு, வேதாகமத்தை வாசித்தே வளர்ந்தது. என் மகள் எஸ்தர் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தாள். ஆயினும் அரச பல்கலைக்கழகம் எட்டாமற் போயிற்று. கண்டியில் ஒரு தனியார் கல்லூரி, கணினிப் பட்டப்படிப்புக்கு இடம் தந்தது. கட்டணத்துக்கு ஒரு மாதமே தவணை.

தோட்டத்தில் பெருந்தொகைக்கு நாங்கள் அறிந்த வழி ஒன்றே: பேர் வெட்டுவது. அதாவது, ஐம்பத்தைந்து வயது கடந்தவர் வேலையை விட்டு விலகிச் சேமலாப நிதியை மொத்தமாக எடுப்பது. அதோடு தோட்டம் குடியிருக்கத் தந்த லயக் காம்பராவும் போய்விடும். படிப்புக்கென்றே கடன் உண்டென்பதை நான் அறியேன். கடன் என்றால் எனக்கு அடகுக்கடைதான்.

நோயாளியான என் மனைவி அழுதாள். "பேர வெட்டிட்டா எங்க போறது? புள்ள படிச்சிட்டு வர ஒரு வீடு வேணாமா?"

 மூன்று நாள் உபவாசமிருந்தேன். உமக்குச் சித்தமில்லையெனில் என்னைத் தடுத்து நிறுத்தும் ஆண்டவரே என்று மன்றாடினேன்.

நான்காம் நாள், சேமலாபப் பணம் வந்து சேரக் கணக்குத் திறப்பதற்காகக் கண்டியில் ஒரு வங்கிக்குச் சென்றேன். அங்கிருந்த அதிகாரி அலவத்துகொடையைச் சேர்ந்த இளம் முஸ்லிம் பெண். காரணத்தைக் கேட்டதும் என் படிவத்தை ஒதுக்கி வைத்தார்.

"பேர வெட்ட அவசரப்படாதீங்க ஐயா. வட்டியில்லாத கடன் ஒண்டு ஈக்கி," என்று அப்படியொரு கடன் இருப்பதைச் சொன்னார்.

பின்பு பொறுமையாக விளக்கினார். வங்கியின் சொந்தக் கல்விக்கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஏறும். அரசாங்கத்தின் மாணவர் கடனோ, பல்கலைக்கழக இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு உரியது. கட்டணம் நேரே கல்லூரிக்குச் செல்லும்; படிப்பு முடிந்த பின்னரே தவணை தொடங்கும். ஆனால் படிப்பு அத்திட்டத்தில் பதிவாகியிருத்தல் வேண்டும். பட்டியலைப் பார்த்தார். எஸ்தரின் படிப்பு இருந்தது. என் கண்கள் நிறைந்தன. மாதச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றும் சொன்னார்.

அங்கேதான் தேவன் என் பெருமையை உடைத்தார். எனக்குத் தெரிந்த சம்பளக்காரர், கலகெதரவில் கூட்டுறவுக் கடையில் பணிபுரிந்த என் மைத்துனர் மட்டுமே. முன்பு அவர் முச்சக்கர வண்டி வாங்கப் பிணை கேட்டபோது, பிணைப்படுதல் வேதத்துக்கு விரோதம் என்று வசனம் காட்டித் திருப்பி அனுப்பியவன் நான். நான்கு வருடம் பேச்சில்லை. எஸ்தரின் கடன் படிவத்தோடு அவர் முன் போய் நின்றேன்.

"என்ன மச்சான், இன்னைக்கு வேற வசனம் கொண்டாந்திருக்கீங்களா?"

"வசனம் இல்ல தம்பி. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"அத பொறவு கேளுங்க. எஸ்தருக்கு எங்க கையெழுத்து வைக்கணும்?"

கடன் கிடைத்தது. ஓய்வுபெறும் வரை என் பெயர் வெட்டப்படவில்லை. எஸ்தர் பட்டம் பெற்ற நாளில் மைத்துனரை முன் கதிரையில் அமர்த்தி, நான் பின்னால் அமர்ந்தேன். இன்று அவள் கண்டியில் உத்தியோகம் பார்க்கிறாள். தன் சம்பளத்தில் தவணை செலுத்துகிறாள். எங்களுக்கு வாடகை வீடும் எடுத்துத் தந்திருக்கிறாள். கர்த்தருக்கே மகிமை.

அன்பானவர்களே, பிள்ளையின் படிப்புக்காக முழங்காலிடுங்கள். எழுந்ததும் வங்கிக்குப் போய் வெட்கமின்றிக் கேளுங்கள். கர்த்தர் அங்கும் இருக்கிறார். சென்ற மாதம் எங்கள் பழைய லயத்துப் பிள்ளை ஒருத்திக்குப் பிணையாள் கிடைக்கவில்லை. எஸ்தர் போய்க் கையெழுத்திட்டாள்.