நாலு 'நாங்கள்'

பல்கலைக்கழகத்தில் நான் தலைமை தாங்கிய முதல் ஆய்வு அது. அறிக்கையின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா சென்ட் லோரன்ட் என்ற நகர்ப்பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். அங்கே ஒரு அண்ணை படத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட மகள் அரசாங்கத்தில பெரிய ஆளோ?" என்று கேட்டாராம். அப்பா மறுக்கவில்லை.

எங்கள் நகரத்து ஆற்றுக்கு அப்பால் உள்ள ஒரு மோஹாக் பூர்வகுடிச் சமூகத்தைப் பற்றியது அந்த அறிக்கை. நெடுஞ்சாலையோரம் இருக்கும் தங்கள் நிலத்தில் கடைகள் வர விடுவதா, அதை அவர்களுக்குள் யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் போய்வந்தேன். அவர்கள் அமைத்த குழு கையெழுத்து வைத்தால்தான் அறிக்கை வெளியே வரலாம். இல்லாவிட்டால் அத்தனை நேர்காணல்களும் அவர்களிடமே திரும்பிவிடும். ஆரம்பத்திலேயே அப்படித்தான் ஒப்பந்தம்.

குழுத் தலைவி ஒரு பெற்றோல் நிலையம் நடத்துகிறார். நிலையத்துக்குப் பின்னால் உள்ள அறையில் அறிக்கையை விரித்து வைத்திருந்தார். பரிந்துரைப் பகுதி முழுக்கப் பென்சில் வட்டங்கள். எழுத்துப் பிழைகளாக்கும் என்று நினைத்தேன். எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரே சொல்தான் இருந்தது: 'வீ'. ஆங்கிலத்து நாங்கள்.

"இது ஆர்?" என்று முதல் வட்டத்தில் விரலை வைத்தார்.

"பல்கலைக்கழகத்து ஆக்கள்."

"இது?"

"உங்கட சமூகம்."

"இது?"

'நிலத்தை நாங்கள் நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம்' என்று எழுதியிருந்தேன்.

"நீ எப்ப எங்கட நிலத்தைக் குத்தகைக்கு விடத் தொடங்கினனீ?"

கெட்டித்தனம் காட்டப் பார்த்தேன். "இது ஆங்கிலத்தின்ர பிழை. எங்கட மொழியில ரெண்டு சொல் இருக்கு. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம். விட்டால் நாங்கள்."

"ரெண்டுதானா? பாவம்! எங்களிட்ட நாலு. நீயும் நானும். நானும் இன்னொராளும், நீ இல்லை. நாங்கள் எல்லாரும், நீயும் சேர்த்து. நாங்கள் எல்லாரும், நீ இல்லாமல்." நாலாவதைச் சொல்லும்போது கையால் வாசலைக் காட்டினார். பிறகு சிரித்தார். "பயப்பிடாதை, கோப்பியைக் குடி."

ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. திருத்திக்கொண்டு வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. தமிழ் வகுப்பில் நாம், நாங்கள் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான். அடுத்த நாள் பரிந்துரைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளி, வெள்ளைக்காரருக்குத் தமிழில எழுதுறாய்?"

"அவையள் வெள்ளைக்காரர் இல்லையம்மா."

"அப்ப சரி. வடிவா எழுது."

தமிழில் எழுதியபோது ஏமாற்ற முடியவில்லை. நாம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நாங்கள் என்று எழுதினால் பல்கலைக்கழகம் உத்தரவு போடுவதாக இருந்தது. அவர்கள் என்று மாற்றினால், அப்படி அவர்களில் யார் சொன்னார் என்று நேர்காணல்களில் தேட வேண்டியிருந்தது. பல வாக்கியங்களை யாருமே சொல்லியிருக்கவில்லை. அவற்றை ஆங்கில அறிக்கையிலிருந்து வெட்டினேன். பதினொரு பக்கம் மூன்றாகியது. என் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

தலைவி மூன்று பக்கத்தையும் என் முன்னாலேயே வாசித்தார். இடையில் இரண்டு தரம் எழுந்து போய்க் கல்லாவைக் கவனித்துவிட்டு வந்தார்.

"குத்தகையைப் பற்றி ஒண்டும் இல்லையே?"

"அதை நான் சொல்லேலாது."

கையெழுத்து வைத்தார். அடுத்த கட்டத்துக்கான கேள்விகளைக் குழுவே எழுதும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். போன கிழமை அந்தக் கேள்விகள் வந்தன. கடைகள் வந்தால் பாடசாலைப் பேருந்து எங்கே திரும்பும் என்பது முதலாவது. இரண்டு வருடத்தில் எனக்கு அது ஒருதரமும் தோன்றவில்லை.