கார்பனில் வேறு பெயர் வராது

உங்கள் பெயரின் கடைசித் துண்டைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினால் அங்கே எது வந்து நிற்கும்? அப்பன் பெயரா, ஊர்ப் பெயரா, சாதியா? யோசித்துச் சொல்லுங்கள். ரீத்தா யோசிப்பதில்லை. இழுத்து முன்னால் வைத்து, ஒரு கமா போட்டு, முதலெழுத்தை அடித்து, “அடுத்தது” என்கிறார்.

கொண்டையில் செருகிய பென்சில், கன்னத்தில் அடக்கிய கிராம்பு. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் அவருடைய தட்டச்சுக் கடை. காலையில் மனுக்களும் பத்திரங்களும். மத்தியானத்துக்கு மேல் கல்லூரி ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகள். கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வால். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, கீற்றுக்கு ஒரு நூலாக எழுதி, பெஞ்சில் அகர வரிசைப்படி பரப்பி, புளியங்கொட்டையைப் பாரம் வைப்பார். எவ்வளவு புழுங்கினாலும் மின்விசிறி சுற்றாது. “ஃபேனைப் போட்டா ஏ போய் இஸட் மடியில குந்திக்கும்.”

பேராசிரியர்களுக்கு அவரிடம் கொஞ்சம் பயம். “வருசம் எங்க சார்? பொறந்த தேதி தெரியாத புக்கா இது?” என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிடுவார். ஒவ்வொரு ஆய்விதழும் அனுப்பும் விதித்தாளைச் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறார். விதி என்றால் அவருக்கு உயிர். அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா செபாஸ்தியான் வடக்கனந்தலில் கூலி வேலை செய்தவர். அறுபது வயதிலும் அவரை நிலக்காரர் வீட்டுப் பொடியன்கள் “அடேய்” என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சடித்த விதிக்கு அந்தத் திமிர் கிடையாது. “பெரிய மனுசனுக்கும் அதே கமா, எங்கப்பனுக்கும் அதே கமா” என்பார் ரீத்தா.

அந்த விதிதான் அன்று அவர் காலை வாரியது.

மண்டல் அறிக்கைக்காக ஒரு பக்கம், எதிராக ஒரு பக்கம் என்று நாடு கொந்தளித்துக் கிடக்கும் இந்த நாட்களில், ஒதுக்கீட்டை ஆதரித்து ஊரில் கடையடைப்பு. ரீத்தா ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே விளக்கைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். வரலாற்று ஆசிரியர் ஆல்பர்ட் கல்வராயன் மலை மக்களைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை அது. மூலப்படி டில்லி ஆய்விதழுக்கு. கார்பன் படி பாப்பாத்திக்கு.

பாப்பாத்தி அந்த மலையில் உள்ள சேராப்பட்டுப் பெண். ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது, பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. மறுநாள் காலை விசாரணை. அவளுடைய அப்பா செல்லமுத்துவோடு சேர்த்து ஏழு பெரியவர்கள் சொன்ன சாட்சியங்கள் கட்டுரையில் இருக்கின்றன. அதை மேசைமேல் வைத்தால் அதிகாரி நம்புவார் என்று ஆல்பர்ட் சொல்லியிருந்தார். கடையடைப்பால் பேருந்துகள் நின்றுபோவதற்குள் கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து ஒரு கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, முடிந்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். வால் இருந்த கடைசித் தாளில் விரல் நின்றது.

“இது யாருக்கா? கவுண்டர், எஸ்., 1990 சி?”

“உங்கப்பன்தான்.”

“எங்கப்பன் பேரு செல்லமுத்து.”

“அதான் எஸ் போட்டுக்கீறேனே. கடைசிப் பேரு முன்னால வரணும்னு ரூலு.”

“ஏழு பேருமே கவுண்டரா நிக்கிறாங்க. ஏ, பி, சின்னு.”

“ஆமா. கடைசிப் பேரும் வருசமும் ஒண்ணுன்னா அப்படித்தான் பிரிக்கணும்.” ரீத்தாவின் குரலில் பெருமைகூட இருந்தது. அந்த ஏழு கீற்றுகளும் பெஞ்சில் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தன.

பாப்பாத்தி எழுந்துவிட்டாள். “மலையில எல்லாருக்கும் அந்தப் பட்டம்தாங்க. போன தடவை அந்த ஒத்தை வார்த்தையப் பாத்துட்டுதான், ‘கவுண்டர்னா காடு தோட்டம் வெச்சிருக்கிற ஜாதி, நீ இன்னா மலைஜாதி’ன்னு அந்த ஆபீசரு என் காயிதத்தைத் தூக்கி வீசுனாரு. இப்ப நானே அதை முன்னால நிறுத்திக் குடுக்கணுமா?”

“நாலாம் பக்கத்துல பட்டத்தைப் பத்தி விளக்கமா எழுதியிருக்கேன்மா” என்றார், கூடவே இருந்து பிழை பார்த்துக்கொண்டிருந்த ஆல்பர்ட்.

“அவரு நாலாம் பக்கம் வரைக்கும் போவாரா சார்? பேரைப் பாப்பாரு, மூடிருவாரு.”

ரீத்தா கன்னத்துக் கிராம்பை இடம் மாற்றினார். குடும்பப் பெயர் கடைசியில் வரும் தேசத்தில் எவனோ எழுதிய விதி. நம் ஊரில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது சாதி. அதை அவர் இரண்டு விரலால் இழுத்து முன்னால் வைத்திருக்கிறார். ஒரு மலையே ஏ முதல் ஜி வரை ஒரே பெயராகிவிட்டது. டில்லித் தெருவில் தகுதி, திறமை என்று கத்துகிறவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. தான் பிறந்த மலையில்தான் பிறந்தேன் என்று இவள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஆல்பர்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். “அக்கா, டில்லிக்கு இதே மாதிரி போகட்டும். பாப்பாத்திக்கு மட்டும் கடைசித் தாளைத் தனியா அடிச்சுடுங்க.”

“கார்பன்ல வேற பேரு வருமா சார்?”

“யாருக்குத் தெரியப்போவுது?”

“நாளைக்கு எவனாவது ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தான்னா, கள்ளக் காயிதம்னு இந்தப் பொண்ணு தலையிலதான் வுழும். ரெண்டுக்கும் முழுப் பேரு போட்ட ஒரே வாலுதான்.”

“விதிப்படி இல்லன்னு டில்லிக்காரங்க திருப்பிட்டா?”

“திருப்பட்டும். உங்களுக்கு அடுத்த மாசம் வேற பத்திரிகை இருக்குது. இவளுக்கு நாளைய வுட்டா இன்னா இருக்குது?”

ஆல்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடிங்கக்கா” என்றார்.

ரீத்தா புதுத் தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகி உருளையில் ஏற்றினார். “முழுப் பேரும் சொல்லு. முன்னால பேரு, அப்பால பட்டம், அப்பால மலையாளின்னு சர்க்கார் பழங்குடிப் பட்டியல்ல இருக்கிற இனம், கடைசியில ஊரு. எதையும் மறைக்கவும் வேணாம், முட்டுக் குடுக்கவும் வேணாம்.”

மூன்று வரிகூட முடியவில்லை. ஷட்டரில் தடதடவென்று அடி விழுந்தது.

“யாரு உள்ள? கடையடைப்புன்னு தெரியாது? டப்பு டப்புன்னு சத்தம் வருது!”

பாப்பாத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆல்பர்ட் விளக்கின் சுவிட்சைத் தேடினார். மறுபடி அடி. தகரம் அதிர்ந்ததில் புளியங்கொட்டைகள் உருண்டு ஓடின.

“தொறக்கிறியா, ஒடைக்கட்டுமா?”

ரீத்தா நாற்காலியை விட்டு எழவில்லை. “யாருடா அது, அய்யனாரா? உன் பத்தாங்கிளாஸ் மனுவ அடிச்சவடா நான்! நீ ரோட்டுல கேக்கிற ஒதுக்கீட்டைத்தான் நான் இங்க மிசின்ல கேட்டுக்கினு இருக்கேன். ஒரு மலைப் பொண்ணு சர்ட்டிபிகேட்டு இது. ஒடைக்கிறதுன்னா ஒடை!”

வெளியே சத்தம் நின்றது. யாரோ சிரித்தார்கள். “ரீத்தாக்காடா! வாங்கடா போலாம்” என்றது ஒரு குரல். “மெதுவா அடிக்கா, அடுத்த கும்பலுக்குக் கேட்டுறப் போவுது.”

ஏழு பெயர்களும் முழுதாக ஏறின. பாப்பாத்தி கார்பன் படியில் அப்பாவின் வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள்.

விசாரணையில் அதிகாரி இந்த முறை எதையும் வீசவில்லை. “படிச்சுட்டுச் சொல்றேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் சொல்லவில்லை. பயிற்சிப் பள்ளி அவளுக்காகக் காத்திருக்கப்போவதில்லை. டில்லியிலிருந்து மட்டும் பதில் வந்துவிட்டது: பட்டியலை விதிப்படி திருத்தி அனுப்பவும்.

அந்த விதித்தாள் இப்போது சுவரில் இல்லை. ரீத்தா இரண்டு கடிதங்கள் அடித்து வைத்திருக்கிறார். ஒன்று ஆய்விதழுக்கு: மனிதர்களை அவர்கள் பெயரால் அச்சிடுங்கள். மற்றது சான்றிதழ் அலுவலகத்துக்கு: நாலாம் பக்கத்தையும் படியுங்கள், சீக்கிரம் படியுங்கள். இரண்டிலும் முதல் கையெழுத்து அவருடையது. அடுத்தது ஆல்பர்ட்டுடையது. மூன்றாவது, ஷட்டரை உடைக்க வந்த அய்யனாருடையது.

கோர்ட் வேலையாகக் கள்ளக்குறிச்சி வந்தால் அந்தச் சந்துக்குள் நுழையுங்கள். ரீத்தா உங்களிடம் எதையும் விளக்க மாட்டார். கடிதங்களை உங்கள் பக்கம் திருப்பிவைத்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டுவார். படித்துப் பாருங்கள். நியாயம் என்று பட்டால் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள்.