ஒழுகினால்தான் கூப்பிடுவார்கள்

வீடு நன்றாக இருக்கும்வரை பிளம்பர் என்று ஒருவன் ஊரில் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாக இந்தத் தொழில் பார்க்கிறேன். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதன்பிறகு என் போன் அடித்தால் எங்கோ ஏதோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் அழைப்பு வராதா என்று ஏங்கியிருக்கிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்பவர்களுக்கு இது புரியும். ஐப்பசி மழை தொடங்கித் தைக் குளிர் விடும்வரை எனக்கு வேலை அதிகம். அதாவது, பேச்சுத்துணை அதிகம்.

எண்ணெய்க் கட்டி

எங்கள் ஊரிலேயே ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, அடுப்படி சிங்க் அடைத்துக்கொண்டது என்று மார்கழியில் கூப்பிட்டார்கள். கீழே குழாய் வளைவைக் கழற்றினால் உள்ளே மெழுகுவர்த்தி மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டு, மிஞ்சிய தேங்காய் எண்ணெயைச் சூட்டோடு சிங்க்கில் ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊர்க் குளிரில் மனிதன் போர்த்தாமல் படுக்கலாம். தேங்காய் எண்ணெய் தாங்காது, குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். இனிமேல் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மேசையில் இரண்டு டின் முறுக்கு இருந்தது. பிள்ளைகள் வருவதாகச் சொல்லி வரவில்லையாம். முறுக்கைக் கடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மார்கழி முழுக்க அந்த அழைப்புக்குக் காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்தத் தெரு வழியாகவே போனேன். டீச்சரம்மா வாசல் கேட் பக்கத்தில் நின்றார்கள், முகமெல்லாம் சந்தோஷம். "நீங்க சொன்ன மாதிரியே தொடச்சிட்டேன் தம்பி. இந்த வருசம் அடைக்கவே இல்ல."

கதம்பை

ஏரலில் வாழைக்காய் வியாபாரம் பார்க்கும் ஓர் அண்ணாச்சி. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வழியாகப் பூரான் ஏறி வருகிறது என்று, கோடையில் அதன் வாயில் தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, திணித்தவர், அதை அப்படியே மறந்துபோனார். கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. மாடி குளமாகி, கட்டிலுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கிவிட்டது. நான் போனபோது கட்டிலில் அண்டா இருந்தது. அண்ணாச்சி மூலையில் முக்காலியில் இருந்தார். மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டிவிடுங்கள் என்று சொல்லி, கதம்பையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை போட்டுக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மனதாரச் சொன்னார்: "ரொம்ப உபகாரம் வே. இனி உம்ம முகத்துல முழிக்கிற வேலையே வராது பாத்துக்கிடும்."

எத்தனை இஞ்சு

என் பிழைப்பு புரிகிறதா? முன்கூட்டியே காத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறேன். கற்றுக்கொண்டவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்தான். முடியவில்லை.

போன ஐப்பசியில் சேரன்மகாதேவியிலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி கூப்பிட்டார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர்; வீட்டில் அவரும் அவர் மனைவி கோமதி மதினியும் மட்டும்தான். "வால்வு மாத்தணும்னு சொல்லிட்டாங்க வே" என்றார். குரல் கம்மியிருந்தது எனக்கு உறைக்கவில்லை. "அதுக்கென்ன அண்ணாச்சி, மாத்திருவோம். எத்தன இஞ்சு?" என்று கேட்டுவிட்டேன். பிறகு பைய, "கோமதிக்கு வே. நெஞ்சுல" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மதுரையில் ஆபரேஷன். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். வெளியூர் போகும்போது தொட்டி வால்வை அடைத்துவிட்டுப் போங்கள் என்று முன்பு சொன்னதும் நான்தான். அது உப்புப் பிடித்துத் திரும்பவில்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போய்ச் சரிசெய்தேன். வாரம் ஒருமுறை திறந்து மூடாவிட்டால் மறுபடி இறுகிவிடும் என்றேன். வீட்டுச் சாவி இரண்டில் ஒன்றை என் கையில் வைத்தார். "அவ தேறி வந்தா குளிக்க வெந்நி வேணும்லா. குழாயெல்லாம் சரியா இருக்கணும் வே."

சும்மா

ஞாயிறு தவறாமல் போனேன். வால்வைத் திறந்து, மழைக் கலங்கல் போகும்வரை தண்ணீர் விட்டு, மறுபடி மூடுவேன். என் வீட்டிலிருந்தும் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. அதனால் மதினி வரவேண்டுமே என்ற பயம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. ஆளில்லாத வீட்டில் நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்பது எனக்குப் பழகியதுதான், ஆனாலும் அந்த வீட்டில் அது பயமாக இருந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு காலையில், அண்ணாச்சி நம்பரிலிருந்து போன். எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் மதினியின் குரல், மெலிந்துபோய். பழக்கத்தில், "எங்கன ஒழுகுது மதினி?" என்றேன். "ஒண்ணும் ஒழுகல தம்பி. நேத்து வந்துட்டோம், வெந்நியில குளிச்சாச்சு. எத்தன இஞ்சுன்னு நானும் டாக்டர்ட்ட கேட்டேன், சிரிச்சிட்டாரு. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியளா?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்றும் ஒழுகாத ஒரு வீட்டுக்கு, மதினி அழைத்தபடி, அன்று மத்தியானம் சாப்பிடப் போனேன், வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு.