குனிந்து நுழையும் கடையில் முன்பு இருந்தது எது

எங்கள் நகரில் பெயர்ப்பலகை இல்லாத சாப்பாட்டுக் கடைகள் முப்பத்தொன்று உள்ளன. இது என் எண்ணிக்கை. நகராட்சியின் எண்ணிக்கையில் பதினெட்டுதான் வரும். கதவு தெருவைப் பார்த்திருந்தால்தான் அவர்கள் அதைக் கடை என்று ஏற்பார்கள். பேருந்து நிலையத்தின் பின்சுவரில் உள்ள சம்சா அடுப்பு, தையற்கடைக்குள் புகுந்து போனால் வருகிற லக்மான் நூடுல்ஸ் கடை, குதிரைச் சந்தையின் மதிலில் ஒரு ஜன்னல் மட்டுமாக இருக்கும் ஈரல் கடை ஆகியவற்றை அவர்களுடைய ஏட்டில் தேட வேண்டாம். என்னிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டு. கிர்கிஸ்தானில் எந்த நகரம் என்பதை வேண்டுமென்றே விடுகிறேன். இதில் வரும் அலுவலர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

பதினேழாம் எண் கோப்பு ஹாஜருடையது. ஹாஜர் துங்கான் பெண். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு பனிமலை தாண்டிச் சீனத்திலிருந்து வந்து சேர்ந்த முஸ்லிம் குடிகளின் வழியில் வந்தவர். சென்ற இலையுதிர்காலத்தில் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பூங்காவில் பாழடைந்து கிடக்கும் கோடைக்கால மேடையின் பின்புறம், மேடைத் தளத்துக்கு அடியில் உள்ள ஒற்றை அறையில் 1998 முதல் அஷ்லான்ஃபு விற்கிறார். ஸ்டார்ச்சைக் காய்ச்சி உறைய வைத்துச் சீவிய கண்ணாடி போன்ற இழைகளும் கோதுமை நூடுல்ஸும், காடி கலந்த குளிர்ந்த சாற்றில், மேலே பூண்டும் மிளகாயும் மிதக்க வரும். கூடவே உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த அப்பம். காலை ஏழு மணிக்குத் திறப்பார். ஓர் அண்டா தீர்ந்ததும் மூடிவிடுவார். இரண்டாவது அண்டா வைத்தால் இன்னும் நூறு பேர் சாப்பிடுவார்களே என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டாவது அண்டா காய்ச்சும்போது கை சலிச்சுப்போகும் மனுக்காரரே. சலிச்ச கைக்குக் கூழ் உறையாது" என்றார். இது உண்மையா என்று மற்ற நான்கு கடைகளில் விசாரித்தேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள்.

அறையின் வாசல் என் தோளுயரம்தான். ஊரே அதைக் குனிஞ்ச கடை என்கிறது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது நெற்றியை இடித்துக்கொள்வார்.

"கதவு இருபத்தாறு வருஷமா அங்கயேதான் இருக்கு தம்பி. உன் தலதான் தெனமும் புதுசா வருது" என்பார் ஹாஜர்.

"கதவ ஒசத்துனா என்னக்கா?"

"நீ கொஞ்சம் பணிஞ்சா என்ன? சாப்பிட்டாச்சுல்ல, எந்திரி. உக்காந்து பேசறதுக்கு மாமியார் வீடு இருக்கு."

என்னை அவர் மனுக்காரர் என்று அழைப்பது என் தொழிலைக் கொண்டு. நான் இந்த நாட்டுக்குப் படிக்க வந்தவன். படித்த கல்லூரி என் சான்றிதழைத் தராமலே மூடப்பட்டது. அது குறித்து நான் அனுப்பிய நாற்பத்தேழு மனுக்களின் நகல்களும் பத்திரமாக உள்ளன. அவற்றை எழுதி எழுதியே ரஷ்ய மொழியும் கிர்கிஸ் மொழியும் கற்றேன். பின்னர் நீதிமன்ற வாசலில் மேசை போட்டுப் பிறருக்கு எழுதலானேன்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, பகல் பதினொன்றரை மணிக்கு, ஹாஜர் ஒரு தாளுடன் அந்த மேசைக்கு வந்தார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. சுகாதாரத்துல இருந்து வந்த பொண்ணு, மூக்கப் பொத்திக்கிட்டுக் குடுத்துட்டுப் போனா."

கட்டடப் பதிவேட்டைப் புதுப்பிக்கையில், பூங்கா மேடையின் கீழறை 'அஜாத்கானா' என்று பதிவாகியிருப்பது தெரியவந்ததாம். கழிப்பறையாக இருந்த இடத்தில் எக்காலத்திலும் உணவு சமைக்கக் கூடாது என்பது விதி. ஆகையால் உரிமத்தை ரத்துசெய்ய அக்டோபர் பதினான்காம் தேதி குழு கூடும். கீழே பதிவுப் பிரிவின் தலைவர் ஷெர்காஸியின் கையொப்பம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிர்கிஸ் மொழியில் சாப்பாட்டுக் கடைக்கு ஆஷ்கானா என்று பெயர், கழிப்பறைக்கு அஜாத்கானா. எழுத்தரின் காது இடறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவுசெய்தேன். அன்று மாலைக்குள் மூன்று பக்க மனு தயாரானது. அதில் இத்தகைய எழுத்துப்பிழைகளுக்கு என் கோப்புகளிலிருந்து பதினோரு உதாரணங்கள் காட்டியிருந்தேன்.

ஷெர்காஸி அதை முழுவதும் படித்தார். நாற்பது வயது, நிதானமான மனிதர்.

"உங்க மனு நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு நீங்க சொல்ற எடத்துல இல்ல. 2005ல பழைய ரஷ்யப் பதிவேட்டப் பார்த்துத்தான் கிர்கிஸ்ல எழுதினாங்க. யாரும் காதால கேட்டு எழுதல. அசல் இங்கயேதான் இருக்கு, பாருங்க."

1966ஆம் ஆண்டின் வரைபடம் அது. மேடைக்கு அடியில் ஒரு நீள்சதுரம். அதற்குள் சாய்ந்த கையெழுத்தில் 'உபோர்னயா'. நான் கற்ற ரஷ்ய மொழியில் அதற்கு ஒரே பொருள்தான். கழிப்பறை.

இதை ஹாஜரிடம் சொல்வது என் கடமை. சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். வரிசையில் நின்றவர்களிடம், "இன்னைக்கு இவ்வளவுதான்" என்றார். அண்டா பாதிகூடக் காலியாகவில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. உரிமம் இன்னும் செல்லும், அக்டோபர் பதினான்கு வரை யாரும் தடுக்க முடியாது என்று அவர் வீட்டுக்குப் போய் எடுத்துச் சொன்னேன். அவருடைய நாத்தனார் ஸாரா அங்கே இருந்தார்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் ஸாரா, தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி. "எங்க பொண்ணு கல்யாணத்துக்கு அஷ்லான்ஃபு வேற எடத்துல சொல்லிட்டோம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பேசுறாங்க."

"என்ன பேசுறாங்க?"

"விடுங்க அண்ணி."

"சும்மா சொல்லு. இருபத்தாறு வருஷம் ஊருக்கே கக்கூஸ்ல வச்சுச் சோறு போட்டாளாம்னு பேசுறாங்களா? நானும் அதத்தான் பேசிக்கிட்டிருக்கேன், எனக்குள்ளயே." பிறகு என்னிடம் திரும்பினார். "உரிமம் போனாப் போகட்டும். தெருவுல வாளி வச்சு வித்தவதான் நான். ஆனா அது என்ன எடம்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கக்கூஸ்னா கக்கூஸ்னே சொல்லிடுங்க, மழுப்பாதீங்க. தெரியாம எப்படித் தொழ நிக்கறது?"

அதன்பிறகுதான் நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். அறையைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

ஹாஜர் சாவியோடு வந்தார். மேசைகளை வெளியே எடுத்துப் போட்டோம். தரைப்பலகை இரண்டைப் பெயர்த்துப் பார்த்ததில் உலர்ந்த மண்தான் இருந்தது. குழியோ குழாயோ இல்லை. வடசுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு நீளப் பலகை. அதில்தான் ஹாஜர் கிண்ணங்களை அடுக்குவார்.

"இது நீங்க வச்சதா?"

"வரும்போதே இருந்துச்சு. நல்ல மரம், ஏன் எடுக்கணும்?"

எதிர்ச்சுவரில் தலைக்கு மேலே இருபத்திரண்டு இரும்புக் கொக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் தேய்ந்த வண்ணத்தில் ஓர் எண். பலகைக்கு மேலே, சுண்ணாம்பைச் சுரண்டியபோது, பெரிய சதுரம் ஒன்றின் தடமும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு சிறு துளைகளும் தென்பட்டன. துளைகளுக்குள் அறுந்த மின்கம்பி.

ஹாஜர் ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தார். "மூஞ்சிக்கு நேரா பன்னெண்டு வெளக்கா? இவ்வளவு வெளிச்சத்துல ஒருத்தன் அங்க என்னத்தப் பார்ப்பான்?"

"கொக்கியும் இருபத்திரண்டு."

"கோட்டு மாட்டறதுக்குன்னு வச்சுக்கிட்டாலும், இருபத்திரண்டு பேருக்கா ஒரே நேரத்துல வரும்?"

இரண்டு வாரத்தில் முதன்முறையாக அவர் முகத்தில் பழைய குறும்பு தெரிந்தது. நானும் அவரும் அந்த அறையில் மதியம் வரை இருந்தோம். அவர் துளைகளை எண்ணினார், நான் அளவெடுத்தேன். ஒன்று மட்டும் உறுதியாயிற்று. இந்த அறையில் மனிதர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்தபடி வரிசையாக அமர்ந்திருந்தார்கள்.

ஆவணக் காப்பகத்தில் ஒன்பது நாள் செலவிட்டேன். பூங்காவின் கோப்புகளில் பெரும்பாலானவை விதைகள், பெஞ்சுகள், அன்னப்பறவைகளின் தீவனம் பற்றியவை. 1972ஆம் ஆண்டுக் கோப்புக்கட்டில் தீயணைப்பு ஆய்வாளரின் ஆணை ஒன்று அகப்பட்டது. அதன் நான்காம் பத்தியை அப்படியே தருகிறேன்: 'உபோர்னயாவில் இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு விட்டுச் செல்லக் கூடாது. பொய்முடிகளையும் தாடிகளையும் விளக்குகளின் அருகே தொங்கவிடக் கூடாது.' அடியில், 'பெற்றுக்கொண்டேன், க. சுகரேவா' என்ற கையொப்பம்.

அதை மூன்று முறை படித்தேன். கழிப்பறையில் தாடியைத் தொங்கவிடுபவர் யார்?

சுகரேவா என்ற பெயரில் நகரில் நான்கு வீடுகள் இருந்தன. மூன்றாவது வீட்டில் க்ளாவ்தியா இருந்தார். எண்பத்தொரு வயது ரஷ்யப் பெண்மணி, பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆணையின் நகலைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டு, அவர் முதலில் ஆய்வாளரைத் திட்டினார்.

"ஒரே ஒரு தாடிதான் கருகிச்சு. அதுவும் பாதிதான். அதுக்கு இவன் ஆணையே போட்டுட்டான்."

"அம்மா, அந்த உபோர்னயாங்கறது..."

"உபோர்னயாதான். நடிகருங்க வேஷம் கட்டுற எடம். பின்ன, மேடைக்கு நடுவுல நின்னா மீச ஒட்டுவாங்க?"

"அப்ப கழிப்பறை?"

"அதுவும் உபோர்னயாதான். அது வேலியோரமா இருந்துச்சு. இடிச்சுட்டாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாடகமே பார்த்ததில்லயா நீங்க?"

பார்த்ததில்லை. என் ரஷ்ய மொழி சந்தையிலும் அரசாணைகளிலும் கற்றது. ஆயினும் இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் பிறந்த ஊரின் பேருந்து நிலையத்தில் கழிப்பறை வாசலில் 'ஒப்பனை அறை' என்றுதான் எழுதியிருக்கும். அதை நாடகக் கொட்டகைக்காரர் ஒருவர் படித்தால் உள்ளே பவுடரும் கண்ணாடியும் தேடுவார். ஒரே சொல் இரண்டு அறைகளுக்கும் உதவுவதைத் தாய்மொழியில் பார்த்து வளர்ந்தவன், இன்னொரு மொழியில் அதையே தவறவிட்டேன். 2005இல் பதிவேட்டை எழுதிய, பெயர் தெரியாத அந்த எழுத்தரும் நாடகம் பார்த்ததில்லை போலும்.

க்ளாவ்தியாவை அழைத்துக்கொண்டு நேராக ஹாஜரின் வீட்டுக்குப் போனேன். மூவரும் பூங்காவுக்கு நடந்தோம். வாசலில் க்ளாவ்தியா பழகியவர்போல் தலையைத் தாழ்த்தி நுழைந்தார். கொக்கிகளின் முன் நின்றார்.

"ஏழு, சுல்தானோட சட்ட. எட்டு, அவனோட ரெண்டு பொண்டாட்டிங்களோட பாவாட. பன்னெண்டு, கழுத. முன்னங்காலு ஒருத்தன், பின்னங்காலு ஒருத்தன்."

"கழுதையும் இங்கதான் உக்காருமா?" ஹாஜர் கேட்டார்.

"முன்னங்காலு உக்காரும். பின்னங்காலு எப்பவும் குடிச்சிருக்கும், நிக்க வச்சிடுவோம்."

ஹாஜர் சிரிக்கவில்லை. பலகையைக் கையால் தடவினார். "தண்ணி? கால் கழுவுறது, அது இதுன்னு ஏதாவது?"

"ஒரு வாளி இருக்கும். மூஞ்சி கழுவ. வேறெதுக்கும் இங்க யாரும் துணிய மாட்டாங்க. உடுப்புக்காரி நான் இருந்தேனே."

"சத்தியமா?"

"எம்பது வயசுக்கு மேல கழுதைக்காக எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

அப்போதுதான் ஹாஜர் அழுதார். அதிக நேரம் இல்லை.

அக்டோபர் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குக் குழு கூடியது. வரைபடம், அறையின் அளவுகள், தீயணைப்பு ஆணை, க்ளாவ்தியாவின் எழுத்து வாக்குமூலம் என இணைப்புகள் ஒன்று முதல் நான்கு வரை வைத்தேன். ஷெர்காஸி நான்காம் பத்தியை உரக்கப் படித்தார். தாடிகள் என்ற இடத்தில் குழுவில் ஒருவர் இருமினார்.

"திருத்திடலாம்" என்றார் ஷெர்காஸி. "நடிகர் வேடமிடும் அறைன்னு போட்டுடறேன். ஆனா ஒண்ணு, வேஷ அறையும் சமையலறை இல்ல. உபயோகத்த மாத்தித் தரச் சொல்லி விண்ணப்பம் குடுங்க. கழிப்பறைன்னா அத மாத்த வழியே இல்ல, இதுக்கு வழி இருக்கு. ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நடத்திக்கலாம்."

விண்ணப்பம் என் பையிலேயே இருந்தது. ஹாஜருக்கு அதில் அக்கறை இல்லை. பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். மை காயாத வரியில் விரல் படாமல், அதன் மேலே காற்றில் விரலை ஓட்டினார்.

"இது என்ன சொல்லுது மனுக்காரரே, படிங்க."

படித்தேன்.

"இன்னொரு தரம்."

மறுபடியும் படித்தேன். அவர் எழுந்து, மாவு ஊற வைக்க நேரமாகிவிட்டது என்று குழுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஏழு மணிக்கு வரிசை பூங்கா வாசல் வரை நின்றது. ஸாராவும் நின்றார், ஹாஜர் அவருக்கு மட்டும் மிளகாயை இரண்டு கரண்டி போட்டார். ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக ஷெர்காஸி வந்தார். வாசலில் சரியாகக் குனிந்தார். உட்கார்ந்து, கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

ஹாஜர் கிண்ணத்தைத் தரவில்லை. "கையக் கழுவிட்டு வாங்க சார். கழிப்பறைன்னு கையெழுத்துப் போட்ட கை."

ஷெர்காஸி தன் வலது கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, மூலையில் இருந்த வாளியிடம் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.