நெல் களத்தில் ஒரு கொள்ளைக் கப்பல்

போன செவ்வாய்க்கிழமை மானாம்பதி வழியாக பஸ்ஸில் போனவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். தலையில் ஈரத்துண்டு. கணுக்கால் வரை நெல். கையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். களத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, தொண்டை கிழியப் படித்துக்கொண்டிருந்த ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி நான்தான். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்திருந்தால் உங்கள் மேல் தப்பே இல்லை.

விஷயம் இதுதான். எங்களுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. ஆவணி அறுவடை. மெஷின் அறுத்துக் கொட்டிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரம் பார்க்கும் மீட்டரில் பத்தொன்பது காட்டியது. பதினேழுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள்.

"இங்கயே களத்துல காய வெச்சிக்கோங்கம்மா. வியாழக்கிழம மறுபடியும் பாக்கறேன். அப்பவும் ஈரம்னா அள்ளிக்கினு போயிடணும். பின்னாடி லைன்ல எத்தினி பேரு கீறாங்க பாருங்க" என்றார் கிளார்க். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அள்ளிக்கொண்டு எங்கே போவது? இன்னொரு மழை நனைந்தால் குவியலிலேயே முளை விட்டுவிடும். நாலு மாதப் பாடு அதோடு போச்சு.

வழக்கமாக இதெல்லாம் என் கணவரின் டிபார்ட்மென்ட். அவரோ வரப்பில் வழுக்கி, காலில் கட்டோடு உத்திரமேரூர் வீட்டில் படுத்திருந்தார். படுத்தபடியே போனில் உத்தரவு போடுவதில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. ஆக, நான் போனேன்.

நெல் காயவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பரப்பிவிட்டு நிழலில் உட்கார முடியாது. அடி நெல் மேலே வர வேண்டும், மேல் நெல் கீழே போக வேண்டும். அதற்குக் காலை உயர்த்தாமல் இழுத்து இழுத்து நெல்லுக்குள்ளேயே நடக்க வேண்டும். போக, வர... போக, வர. என்னைப் போன்ற சோம்பேறிக்கு இதைவிடக் கொடிய தண்டனையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். பையில் இருந்த புத்தகத்தை எடுத்தேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்தது அது. கடல் கொள்ளையர் கதை. உலகமெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் படித்த நாவலாம், தமிழில் போட்டிருந்தார்கள். அட்டையில் கறுப்புக் கொடி, பாய்மரக் கப்பல், ஒரு காது அறுந்த கேப்டன். பார்த்த அன்றே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கேட்டேன். அண்ணன் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு வசனம் சொன்னார்.

"இது ஆம்பளப் பசங்க படிக்கிற புக்கு. உனுக்கு எதுக்கு?"

எனக்குப் பதினோரு வயது. அழுதேன். அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்தேன்... கொள்ளைக் கப்பல் கதை என்றால் மட்டும் கையால் தொடவில்லை. வீம்பு! அண்ணனோ விசேஷத்துக்கு விசேஷம், "அத்த நான் பத்து தபா படிச்சிருக்கேன்" என்று பந்தியில் பெருமை பேசுவார். நான் எழுதும் இந்தப் பத்தியையும் வாரா வாரம் ஒரு வரி விடாமல் படிப்பதாகத்தான் சொல்கிறார். நான் நம்புகிறேன்... நம்பினேன்.

போன மாதம் அவர் தாம்பரத்தில் சின்ன ஃபிளாட்டுக்கு மாறினார். "எடைக்குப் போட மனசு வர்ல, நீ வெச்சிக்கோ" என்று ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய புத்தகங்களை எங்கள் வீட்டில் இறக்கினார். அடியில் பிரவுன் அட்டையோடு கிடந்தது அது. தெரியாமல் வந்திருக்க வேண்டும். நான் போன் பண்ணிச் சொன்னேனா? மூச்!

களத்துக்கு வருவோம். ஆறாம் பக்கத்திலேயே கதை என்னைத் தூக்கிக்கொண்டது. துறைமுகத்தில் சாதுவாக மரம் இழைத்துக்கொண்டிருந்த ஒரு தச்சனைக் கொள்ளையர்கள் கடத்திப் போகிறார்கள். ஏன்? அவர்களுடைய கப்பல் ஒழுகுகிறது! இதைப் படித்து நான் தனியாகச் சிரிக்க, பக்கத்துக் குவியல்காரி கன்னியம்மா எட்டிப் பார்த்தாள். அவள் நெல்லும் ஈரம், அவளுக்கும் வியாழன்தான் கெடு.

"இன்னாக்கா தனியா சிரிச்சிக்கினு கீற? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

சத்தமாகப் படித்தேன். ஒரு பக்கம் கேட்டாள். பிறகு என் குவியலைப் பார்த்தாள்.

"ஒக்காந்துக்கினு படிச்சா ஒன் நெல்லு எப்பிடிக்கா காயும்? நடந்துக்கினே படி. நானும் என் நெல்லுல நடந்துக்கினே கேக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் படித்தபடி என் நெல்லில் போனேன், அவள் கேட்டபடி அவள் நெல்லில் கூடவே வந்தாள். துப்பாக்கிச் சண்டை வந்தால் இருவர் காலும் வேகம் பிடிக்கும். அந்தப் பக்கத்துக் குவியல் ஏகாம்பரத்துடையது. அறுபது வயதுக்காரர், போனில் செய்தி பார்த்தபடி எங்களைக் கவனிக்காதவர் போல இருந்தார். மத்தியானத்துக்குள் அவரும் போனைப் பையில் போட்டுவிட்டு நெல்லில் இறங்கிவிட்டார்.

கேப்டன் மோசமானவன்தான். ஆனால் குடிதண்ணீர் குறைந்ததும் எல்லோருக்கும் நாளைக்கு ஒரு குவளை என்று சட்டம் போட்டு, தானும் ஒரே குவளைதான் குடிக்கிறான். கன்னியம்மா அந்த இடத்தில் விழுந்துவிட்டாள். "கொள்ளக்காரனா இருந்தாலும் பங்குல ஓரவஞ்சன பண்ல பாருக்கா!"

புதன்கிழமை மத்தியானம் எழுபத்திரண்டாம் பக்கம். நடுக்கடலில் காற்று நின்றுபோய்ப் பதினோரு நாள். கப்பல் அசையவில்லை. பீப்பாய் காலி. முப்பது பேரும் மேல்தளத்தில் மண்டியிட்டு, கையை உயர்த்தி, "மழையே வா... மழையே வா!" என்று கதறுகிறார்கள். நான் உணர்ச்சிவசப்பட்டு, கையையும் உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து...

"நிறுத்தும்மா!"

ஏகாம்பரம். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நெல்லு காயற களத்துல நின்னுக்கினு மழயக் கூப்புடறியே! எத்தினி பேரு நெல்லு கீது இங்க?"

"நான் எங்க கூப்ட்டேன்? கப்பல்ல கீறவன் கூப்புடறான்."

"எவன் கூப்ட்டா இன்னா? சத்தம் ஒன் வாய்லேர்ந்துதான வருது?"

அண்ணாந்து பார்த்தால், மேற்கே நிஜமாகவே ஒரு கறுப்பு மேகம். களமே என்னை முறைத்தது. அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. மூன்று பேர் நெல்லும் மீட்டரில் பாஸாகும் வரை கப்பலில் மழை பெய்யக் கூடாது. முப்பது பேரும் அதுவரை தாகத்தோடு கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்தைத் திருப்பி ரகசியமாக ஒரு பார்வை பார்க்கலாம் என்றால், அதுவும் முடியவில்லை. பைண்டிங் செய்தவர்கள் அடுத்து வந்த கத்தையின் ஓரத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பதினாறு பக்கமும் ஒன்றோடொன்று மடிப்பாகச் சேர்ந்திருந்தன. கத்தி இல்லாமல் பிரிக்க முடியாது.

சாயந்தரம் மேகம் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. நாலு தூறல். மூன்று பேரும் ஓடி ஓடித் தார்ப்பாயை இழுத்து மூடினோம். என்ன நினைத்ததோ, பழையசீவரம் பக்கம் நகர்ந்துவிட்டது. "பாத்தியா? நான் நிறுத்துனதாலதான் தப்பிச்சோம்" என்றார் ஏகாம்பரம்.

வியாழன் காலை ஏழு மணிக்கு நான் போனால் கன்னியம்மா ஏற்கெனவே நெல்லுக்குள் நடந்துகொண்டிருந்தாள். "பாவம்க்கா, பன்னெண்டாவது நாளு தண்ணி இல்லாம கீறாங்கோ. வா, சீக்கிரம் காய வெப்போம்!" புத்தகமே இல்லாமல் நான் நாலு மணி நேரம் நடந்தேன். நான்! என் கணவரிடம் போனில் சொன்னபோது, ராங் நம்பரோ என்று சந்தேகப்பட்டார்.

பதினோரு மணிக்குக் கிளார்க் வந்தார். என் நெல்லில் மூன்று இடத்தில் கைவிட்டு அள்ளினார். மீட்டரில் போட்டார்.

பதினாறு புள்ளி நாலு.

கன்னியம்மாவுக்குப் பதினாறு புள்ளி ஒன்று. ஏகாம்பரத்துக்குப் பதினாறு புள்ளி எட்டு... மயிரிழை! நாங்கள் போட்ட கூச்சலில் கிளார்க் மீட்டரைக் கீழே போட்டிருப்பார்.

"பாஸானதுக்குப் போயி இப்பிடிக் கத்துவீங்களா?"

"ஒங்களுக்குத் தெரியாது சார்" என்றாள் கன்னியம்மா. "அங்க முப்பது பேரு தண்ணி இல்லாம சாவறாங்கோ!"

அவர் எங்களிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மூட்டை பிடித்து, எடை போட்டு, கடைசிச் சாக்கையும் தைத்து முடித்ததும் ஏகாம்பரமே தன் அரிவாளை நீட்டினார். "ம்... இப்ப வரச் சொல்லு மழய." மடிப்பை ஒவ்வொன்றாக அறுத்தேன். படித்தேன். வந்ததய்யா மழை! பாய்மரத் துணியையெல்லாம் இறக்கித் தளத்தில் விரித்து, கொட்டும் தண்ணீரைத் துணிக் குழியில் பிடித்து, அந்த முரடர்கள் மாடு மாதிரி வாய் வைத்துக் குடிக்கிறார்கள். காதறுந்த கேப்டன் கடைசியாகக் குடிக்கிறான். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம மழ வுழாம இருக்க தார்ப்பாய் போடறோம். அவங்க வுழறதுக்குப் போட்டாங்க பாருக்கா!"

மீதியை நெல் மூட்டை மேல் உட்கார்ந்தே படித்து, நாலு மணிக்குக் கடைசிப் பக்கத்தை மூடினேன். தச்சன் தப்பித்தான். கப்பல் கடைசி வரை ஒழுகியது. இத்தனை வருட வீம்பு, ஈர நெல், ஒரு மேகம், எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டேன். கேப்டன் மாதிரி இடுப்பில் கைவைத்து ஒரு தரம் களத்தைச் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்!

அப்போதுதான் மடியில் கிடந்த காகிதத் துணுக்குகளைக் கவனித்தேன். நான் அறுத்த ஓரங்கள்.

அறுத்தது நான் என்றால்... அதற்கு முன்னால் யாரும் பிரிக்கவில்லை. யாரும் பிரிக்கவில்லை என்றால்... பத்து தபா?

உடனே போன் போட்டேன். அண்ணன் குஷியாகிவிட்டார். "அந்தக் கப்பல் புக்கு ஒன்கிட்டயா கீது? குடுத்தனுப்பு! நான் பத்து தபா..."

"எழுவத்திரெண்டாம் பக்கத்துக்கு அப்பால நான்தாண்ணா அருவா வெச்சிப் பிரிச்சேன். இன்னிக்கி மத்தியானம்."

அந்தப் பக்கம் டிவி அணையும் சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட கத்தி கேட்டா, புது புக்கக் கிழிக்கிறியான்னு தோல உரிச்சிருப்பாங்க" என்றார் மெதுவாக. "அதுக்குள்ள எல்லார்கிட்டயும் படிச்சிட்டேன்னு சொல்ட்டேன். அப்பால எப்பிடிம்மா மாத்திச் சொல்றது?"

யோசித்துப் பார்த்தால், படித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எல்லோரிடமும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. பிரிக்காத பக்கங்களும் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. அண்ணனாவது அரிவாள் வரும்வரை தாக்குப்பிடித்தார்.

போனை வைப்பதற்குள் அவர் கேட்டார், சின்னப் பையன் குரலில். "ம்மா... மழ வந்துச்சா?"

இத்தனை வருடமாக மனுஷன் அந்தக் கப்பலில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு மனசு இளகிவிட்டது. சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் பதினோரு வயதுக்காரி ஒருத்தி முந்திக்கொண்டாள்.

"இது கடைசி வரைக்கும் படிக்கிறவங்க புக்குண்ணா. உனுக்கு எதுக்கு? வேணும்னா பத்தியில எழுதறேன், பாத்துக்கோ."

எழுதிவிட்டேன். இதற்கப்புறமும் "மழ வந்துச்சா?" என்று தாம்பரத்திலிருந்து போன் வந்தால்... என் வாசகர்களில் ஒருவரைக் கழித்துக்கொள்வேன்!